விசிலுக்கு ஒரு சீரடைவுச் சான்றிதழ்

விசில் கத்தியது ஒரே ஒரு சொல்தான்: "போதும்!"

சொல்லில் தப்பில்லை. நேரம்தான் சரியில்லை. குழந்தை நடத்தைச் சீரமைப்பு வாரியத்தின் இயக்குநர் பள்ளிக்கு நேரில் வந்து, ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் நாற்பது பேரைக் கூடத்துத் தரையில் சம்மணம் போட்டு உட்காரவைத்து, 'பொறுமையின் பயன்கள்' என்ற தலைப்பில் பேசிக்கொண்டிருந்தார். பயன்கள் மொத்தம் பதினொன்று என்று ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தார். ஐம்பது நிமிடம் முடிந்து ஆறாவது பயனை அவர் தொட்டபோதுதான் அந்தச் சொல் கூடத்தின் கூரையில் மோதித் திரும்பியது. பின்னால் நின்ற இரண்டு ஆசிரியைகள் தங்களை அறியாமல் தலையாட்டிவிட்டார்கள். அது இயக்குநர் எழுதிய அறிக்கையில் இடம்பெறவில்லை.

விசில் என்பது அவளுடைய அசல் பெயர் இல்லை. பிறந்த அன்றைக்கே மருத்துவமனையின் மூன்று மாடிக்கும் கேட்ட குரலுக்காக அப்பா செல்லமாக வைத்தது. ஆறு வயதுக்குள் அது அசல் பெயரைத் தின்று ஏப்பம் விட்டுவிட்டது. சாக்ஸின் தையல் விரலில் உறுத்தினால் கத்துவாள். சட்டைக் காலரின் சீட்டு கழுத்தில் பட்டால் கத்துவாள். எதற்கும் கத்தவில்லை என்றால் தூங்குகிறாள் என்று அர்த்தம்.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். இரண்டு மாடிக்கு நடுவில் சிக்கிக்கொண்டவர்களை வெளியே எடுப்பது அவருடைய வேலை. கதவுக்கு அந்தப் பக்கம் அலறுகிறவர்களிடம் "பயப்படாதீங்க, வந்துட்டேன்" என்று இருபது வருடமாகச் சொல்லிச் சொல்லி, குரலை உயர்த்துவது எப்படி என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது. அம்மா பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் இருந்தாள். உள்ளே இருந்து எப்பேர்ப்பட்ட சத்தம் வந்தாலும் சிரித்த முகம் மாறாமல் "அடுத்து நீங்கதான்" என்று சொல்லத் தெரிந்தவள். இந்த இருவருக்கும் விசில் ஒரு பெரிய சிக்கலாகப் பட்டதே இல்லை.

தலைமையாசிரியை அப்பாவைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"உங்க பொண்ணு ரொம்ப நல்ல பொண்ணு" என்று ஆரம்பித்தார். இப்படி ஆரம்பிக்கிற பேச்சு எங்கே போய் முடியும் என்று மெக்கானிக்குக் கொஞ்சம் தெரியும். நாற்காலியின் நுனிக்கு வந்தார்.

"வாரியத்துல 'சாந்தம்'னு ஒரு செயலி குடுக்கறாங்க. போன்ல போட்டுக்கணும். ஆறு வாரம். முடிச்சுட்டு ஒரு சீரடைவுச் சான்றிதழ் குடுப்பாங்க, அதை இங்க கொண்டுவந்து குடுத்துடுங்க. இந்தப் பருவம் முடியறதுக்குள்ள வரலைன்னா அவளைத் தனிக் கவனிப்புப் பிரிவுக்கு மாத்தணும்னு உத்தரவு."

"அது எங்க இருக்கு மேடம்?"

"ஊருக்கு அந்தக் கோடியில. நல்ல கட்டடம். ஜன்னல் மட்டும் ஆளுயரத்துக்கு மேல இருக்கும். பிள்ளைங்க கவனம் சிதறக் கூடாதுல்ல?"

விசிலுக்கு அந்த வகுப்பில் ஓர் இடம் இருந்தது. இரண்டாம் பெஞ்சு, ஜன்னலோரம், பக்கத்தில் 'பல்லி' என்று ஒரு உயிர்த்தோழி. காலையில் பள்ளிக்குப் போக அவள் கத்தாமல் கிளம்புவதற்கு இந்த மூன்றும்தான் காரணம். மெக்கானிக் அன்றைக்கே விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வாரியத்துக்குப் போனார்.

வாரியத்தின் வரவேற்பறைச் சுவரில் 'சத்தம் போடாதீர்' என்று பெரிதாக எழுதியிருந்தது. அதைப் படிக்கச் சொல்லி ஓர் ஊழியர் வந்தவர்களிடமெல்லாம் கத்திக்கொண்டிருந்தார். டோக்கன் வாங்கி, படிவம் நிரப்பி, படிவம் நிரப்பியதற்கு ஒரு படிவம் நிரப்பி, கடைசியில் மெக்கானிக் சீரமைப்பு அலுவலர் முன்னால் உட்கார்ந்தார். கழுத்தில் அட்டை தொங்கவிட்ட, சிரிப்பை அளந்து சிரிக்கிற பெண்மணி. மெக்கானிக்கின் போனை வாங்கித் தானே செயலியை ஏற்றினார்.

"பொண்ணைக் கூட்டிட்டு வரணுமா மேடம்?"

"வேண்டவே வேண்டாம். குழந்தையைப் பாக்காம குழந்தையைப் புரிஞ்சுக்கறதுதான் எங்க முறை. பாத்தா பாசம் வந்துடும். பாசம் வந்தா கணக்கு தப்பிடும்."

மெக்கானிக் தலையாட்டினார்.

"முதல் விதி, கவனமாக் கேட்டுக்கங்க. குழந்தைகிட்ட எதைச் சொன்னாலும் ஏழு சொல்லுக்குள்ள சொல்லணும், ஏன்னா நீளமாப் பேசினா குழந்தைகளுக்குக் கவனம் நிக்காதுங்கறது ஆய்வுல நிரூபணம் ஆகியிருக்கு, பெரியவங்களுக்கும் அப்படித்தான்னு சிலபேர் சொல்றாங்க, ஆனா அதுக்கு நாங்க இன்னும் ஆய்வு பண்ணலை, பண்ணறதுக்கு ஒரு குழு போட்டிருக்கோம், அந்தக் குழு கூடறதுக்கான தேதியை முடிவு பண்ண இன்னொரு குழு..."

மெக்கானிக் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். இரண்டு கையும் தீர்ந்தபின் விட்டுவிட்டார்.

இரண்டாம் விதி, ஒரு நாளைக்குப் பன்னிரண்டு பாராட்டு. சும்மா "நல்ல பொண்ணு" என்றால் செல்லாது. 'நீ செருப்பை நேராக வைத்ததை நான் கவனித்தேன்' என்பதுபோலக் குறிப்பாக இருக்க வேண்டும், போனுக்குக் கேட்கும்படி சொல்ல வேண்டும். மூன்றாம் விதிதான் முக்கியம். முதல் வாரம் எதையும் திருத்தக் கூடாது. குழந்தை அட்டகாசம் பண்ணும்போதெல்லாம் செயலியிலுள்ள சிவப்புப் பட்டனை அமுக்கினால் போதும். அது 'அடிப்படை வாரம்'. அங்கிருந்து நாற்பது சதவீதம் குறைந்தால் சான்றிதழ்.

அன்று மாலையே விசில் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு கால் மணி நேரம் கத்தினாள். ஷாம்பூ கண்ணில் பட்டுவிட்டதாம். மெக்கானிக் போனைக் கையில் எடுத்தார். பட்டன் மீது கட்டைவிரலைக் கொண்டுபோனார். எடுத்துவிட்டார்.

"என்னங்க, அமுக்கலையா?" என்றாள் மனைவி.

"பெத்த பொண்ணை நானே காட்டிக் குடுக்கறதா?"

"அப்ப நான் அமுக்கட்டுமா?"

"அமுக்கு."

மனைவியும் போனை வாங்கினாள். கொஞ்ச நேரம் பட்டனையே பார்த்தாள். "சின்னக் கத்தல்தானே" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

அந்த வாரம் முழுக்க விசில் வழக்கம்போலத்தான் இருந்தாள். அடிப்படை வாரத்தின் முடிவில் செயலி காட்டிய எண்ணிக்கை: பூஜ்யம். மெக்கானிக்குப் பெருமை பிடிபடவில்லை. இப்படிப்பட்ட தங்கமான பிள்ளைக்குச் சான்றிதழ் எதற்கு, வீட்டுக்குப் போங்கள் என்று சொல்லிவிடுவார்கள் என்று நம்பி, தலையைப் படிய வாரிக்கொண்டு வாரியத்துக்குப் போனார்.

சீரமைப்பு அலுவலர் திரையைப் பார்த்தார். சிரிப்பின் அளவு பாதியானது.

"பூஜ்யமா?"

"ஆமாங்க மேடம். ஒண்ணுகூட இல்லை."

"சரி. இதுல நாப்பது சதவீதம் குறைக்கணும்."

"பூஜ்யத்துலயா?"

"எதா இருந்தா என்ன? நாப்பது சதவீதம்னா நாப்பது சதவீதம். எல்லாருக்கும் ஒரே விதி. பாரபட்சம் காட்ட முடியாது."

"இனிமே குறைய எதுவுமே இல்லையே மேடம்..."

"அதைத்தான் நானும் சொல்றேன். குறையலைன்னா உங்க பொண்ணு சீரடையலை. சீரடையாத குழந்தைக்கு நான் எப்படிச் சான்றிதழ் குடுக்கறது?" என்றவர் குரலைத் தணித்து, நல்லது சொல்கிற தோரணையில் மேசைமீது குனிந்தார். "இங்க பாருங்க. ரொம்ப மோசமான குழந்தைங்க எல்லாம் ஜம்முனு தேறிடறாங்க. உங்களை மாதிரி நல்ல குழந்தை வச்சிருக்கறவங்கதான் எங்களுக்குத் தலைவலி. ஒரு வாய்ப்பு தரேன். அடிப்படை வாரத்தை மறுபடி ஆரம்பிங்க. குறைஞ்சது இருபத்தஞ்சு அட்டகாசமாவது இருக்கணும். இந்தத் தடவை பட்டன் கிடையாது, போனோட மைக் தானாவே கேட்டுப் பதிஞ்சுக்கும். பெத்தவங்களை நம்ப முடியறதில்லை."

அதில் மட்டும் ஒரு நியாயம் இருப்பதாக மெக்கானிக்குப் பட்டது.

மாலையில் வீட்டுக்கு வந்ததும் விசிலைக் கூப்பிட்டு எதிரில் உட்காரவைத்தார். போன் மேசைமீது காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தது.

"கண்ணு, ஒரு தடவை கத்து பாப்போம்."

"ஏன்?"

"சும்மாதான். உனக்குப் பிடிக்குமே."

"மாட்டேன்."

"ஏம்மா?"

"நீ சொல்ற. அதான் மாட்டேன்."

ஆறு வருடமாக அவர்கள் எதைச் சொன்னாலும் அதற்கு எதிராகச் செய்வதில் உறுதியாக இருந்தவள். இப்போது மட்டும் அந்தக் கொள்கையை விட்டுக்கொடுக்க அவளுக்கு என்ன வந்தது? மெக்கானிக் தையல் உறுத்துகிற சாக்ஸைத் தேடி எடுத்து மாட்டிவிட்டார். போட்டுக்கொண்டு வீடு முழுக்க நடந்தாள். அம்மா டிவியை நடுவில் அணைத்தாள். "பரவால்லம்மா, நான் படம் வரையறேன்" என்றாள். தலைக்கு ஷாம்பூ தாராளமாகப் போட்டார்கள். கண்ணை இறுக மூடிக்கொண்டாள். மூடிய கண்ணோடு சிரிக்க வேறு செய்தாள்.

மூன்று நாள் போனது. அப்படியொரு அமைதியை அந்த வீடு கண்டதில்லை. மெக்கானிக்கும் மனைவியும் இடி விழுந்தவர்கள்போல உட்கார்ந்திருந்தார்கள்.

உதவி எண்ணுக்குப் போன் போட்டார்.

"சார், பொண்ணு கத்த மாட்டேன்னு அடம் பிடிக்குது."

"அடம் பிடிக்கறது அட்டகாசம்தானே? பதிவாகியிருக்கணுமே."

"சத்தமில்லாம அடம் பிடிக்குதுங்க."

மறுமுனையில் பக்கம் புரட்டுகிற சத்தம். "சத்தமில்லாத அட்டகாசம் அடுத்த பதிப்புலதான் சார் வருது. அதுவரைக்கும் பொறுமையா இருங்க. பொறுமைக்குப் பதினொரு பயன் இருக்கு, சொல்லட்டுமா?"

மெக்கானிக் போனை வைத்தார். நான்காம் நாள் வேலைக்குப் போன இடத்திலும் விடவில்லை. ஒன்பதாவது மாடியில் லிஃப்ட் பெட்டியின் மேல் நின்று கயிற்றுக்கு கிரீஸ் தடவிக்கொண்டிருந்தபோது சட்டைப் பையிலிருந்து ஒரு பெண்குரல் தேனாக ஒழுகியது: "இன்று நீங்கள் இன்னும் ஒன்பது முறை பாராட்டவில்லை."

கூடவே வேலை செய்த 'மீசை' திரும்பிப் பார்த்தார். "யாருய்யா அது?"

"செயலி."

"என்னவாம்?"

"பாராட்டணுமாம். பன்னெண்டு கணக்கு இருக்கு." மெக்கானிக் சுற்றுமுற்றும் பார்த்தார். வேறு யாரும் இல்லை. போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய், "நீ ஸ்பேனரை நேராகப் பிடித்ததை நான் கவனித்தேன்" என்றார்.

மீசைக்கு முகம் சிவந்துவிட்டது. பதினெட்டு வருட வேலையில் அவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை. "இன்னொருக்கா சொல்லு" என்றார்.

அன்று மாலை வீடு திரும்பியபோது விசில் தரையில் உட்கார்ந்து சமர்த்தாகப் படம் வரைந்துகொண்டிருந்தாள். மேசையில் வைத்த போன் பேசியது: "நான்கு நாள்களாகப் பதிவு இல்லை. உங்கள் குழந்தையின் ஒத்துழைப்பின்மைக்கு நீங்களே காரணமாக இருக்கலாம். மூச்சை இழுத்து விடவும்."

மெக்கானிக் மூச்சை இழுத்தார். விடும்போது அது மூச்சாக வரவில்லை.

"நானாஆஆ காரணம்? நாலு நாளா சாக்ஸ் மாட்டி, ஷாம்பூ போட்டு, காலுல விழாத குறையா கெஞ்சிட்டு இருக்கேன்! நானாஆ காரணம்?"

ஜன்னல் கண்ணாடி அதிர்ந்து நின்றது. மனைவி அடுக்களையிலிருந்து கரண்டியோடு ஓடிவந்தாள். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடத்தில் அவள் கேட்டிராத குரல் அது. போன் ஒரு மணியடித்தது.

"தொண்ணூற்று நான்கு டெசிபல். குழந்தைச் சீற்றம், ஒன்று. பதிவானது. நன்றி."

வீட்டில் மூன்று பேரும் போனைப் பார்த்தார்கள்.

அடுத்து நடந்ததுதான் யாரும் எதிர்பார்க்காதது. பெற்றோர் சொல்ல வேண்டியதைச் செயலி திரையில் எழுதி, வாய்விட்டும் வாசித்துக் காட்டும். வாசித்தது. விசில் எழுந்து வந்து, கையைக் கட்டிக்கொண்டு, அதை அப்படியே திருப்பிச் சொன்னாள்:

"உனக்குக் கோபம் வந்திருக்குன்னு எனக்குத் தெரியுது." பிறகு தானாக ஒன்று சேர்த்துக்கொண்டாள். "பாத்ரூம் வருதாப்பா?"

"சிறந்த தலையீடு, பெற்றோரே! இரண்டு நட்சத்திரங்கள்" என்றது போன்.

விசில் நட்சத்திரங்களைப் பார்த்தாள். கண் விரிந்தது. "அப்பா, இன்னொரு தடவை கத்தேன்."

அன்றைக்கு ஆறு தடவை கத்தினார். மறுநாளும் ஆறு. மனைவி தானும் பாரத்தைப் பகிர்ந்துகொள்வதாகச் சொல்லி, மருத்துவமனையில் கேட்டுப் பழகிய கடைவாய்ப்பல் அலறல் ஒன்றை எடுத்துவிட்டாள். "வாகன ஒலி. நிராகரிக்கப்பட்டது" என்றது செயலி. அவள் இரண்டு நாள் அந்தப் போனோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆக முழுப் பொறுப்பும் மெக்கானிக் தலையில் விழுந்தது.

முதலில் எதைக் கத்துவது என்று தெரியாமல் தவித்தார். பிறகு வேலையிடத்தை நினைத்துக்கொண்டார். வழி பிறந்துவிட்டது.

"பட்டனை ஒரு தடவை அமுக்கினா லிஃப்ட் வராதாய்யா? பத்துத் தடவை குத்தணுமா?"

"எட்டு பேருக்கு மேல ஏறாதீங்கன்னு எழுதி வச்சிருக்கே, அது என்ன கோலமா?"

"மேற்பார்வையாளரே! பாதுகாப்பு பெல்ட் கேட்டா கடிதம் குடுங்கறே, கடிதம் குடுத்தா பெல்ட் இல்லைங்கறே!"

கீழ்வீட்டில் இருந்தவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். மூன்றாம் நாள் படியேறி வந்து, கதவை மெதுவாகத் தட்டினார்.

"என்ன சார், வீட்ல யாருக்காவது உடம்பு சரியில்லையா?"

"அதெல்லாம் இல்லீங்க. பொண்ணு படிப்புக்காகக் கத்திட்டு இருக்கேன்."

அவர் திரும்பி இரண்டு படி இறங்கினார். "எந்த ஸ்கூல்?" என்று கேட்டுக்கொண்டு போனார்.

வார முடிவில் சரியாக இருபத்தைந்து. மெக்கானிக் நாட்காட்டியை எடுத்துவைத்து, எந்தக் கட்டடத்துக்கு எந்த மாதம் கயிறு மாற்றுவது என்று குறிப்பதுபோல அடுத்த நான்கு வாரத்துக்கும் திட்டம் போட்டார். இருபத்திரண்டு, பதினெட்டு, பதினான்கு, ஒன்பது. அதிகமாகவும் கூடாது, குறைவாகவும் கூடாது. மாலையில் அவர் வந்து கைகால் கழுவியதும் விசில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு காத்திருப்பாள்.

"அப்பா, இன்னிக்கு மூணு. ஆரம்பி."

அவர் கத்துவார். அவள் அடக்குவாள். சில நாள் மேற்பார்வையாளர் ஞாபகம் வந்து நாலாவது கத்தலுக்கு அவர் வாய் திறந்தால், "போதும்ப்பா, கணக்கு முடிஞ்சுது" என்று நிறுத்திவிடுவாள். செயலியின் விதிகளை அம்மாவை வாசிக்கச் சொல்லிக் கேட்டு மனப்பாடம் பண்ணியிருந்தாள். அப்பாவிடம் ஏழு சொல்லுக்கு மேல் பேசுவதில்லை. "நீ தட்டைக் கழுவி வச்சதை நான் கவனிச்சேன்" என்பாள். அவருக்கு உண்மையிலேயே இதமாக இருக்கும். இருபது வருடமாகத் தொண்டைக்குள் கிடந்ததெல்லாம் வெளியே போய்விட்டதாலோ என்னவோ, இரவில் நன்றாகத் தூக்கமும் வந்தது.

விசில் கத்துவதே இல்லை. அவளுக்கு நேரம் இல்லை. வீட்டில் அந்த வேலையை வேறொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆறாம் வாரம் முடிந்ததும் இறுதி ஆய்வுக்கு அழைப்பு வந்தது. இந்த முறை குழந்தையையும் அழைத்துவரச் சொல்லியிருந்தார்கள். மூவரும் குளித்து, இஸ்திரி போட்ட உடுப்போடு போனார்கள். நீள மேசை. நடுவில் இயக்குநர், பக்கத்தில் சீரமைப்பு அலுவலர். சுவரில் பெரிய திரை. அதில் விசிலின் கோடு மலைச்சரிவுபோல இறங்கிக்கொண்டிருந்தது.

"அறுபத்து நாலு சதவீதம்!" என்றார் இயக்குநர். "பாத்தீங்களா? இதுதான் சாந்தம். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி இந்த ஊர்ல அடங்காத குழந்தைகள் எத்தனை பேர்னு யாருக்குமே தெரியாது. ஒருத்தர்கூடப் பதிவாகலை. இன்னிக்கு எழுபதாயிரம் பேர்! இந்த வளர்ச்சி சும்மா வந்துடலை. ராப்பகலா உழைச்சிருக்கோம். அடுத்த வருஷம் ஒரு லட்சத்தைத் தொடணும்னு இலக்கு. ஒரு குழந்தைகூட விட்டுப்போகக் கூடாது. நல்லா இருக்கற குழந்தையைக்கூட நாங்க கைவிட மாட்டோம். இதைப் பத்தி நான் விரிவா ஒரு அஞ்சாறு கருத்து சொல்ல ஆசைப்படறேன். முதலாவது..."

பக்கத்தில் விசில் நாற்காலியில் நெளிவது மெக்கானிக்குத் தெரிந்தது. அவள் மூச்சை இழுத்தாள். அப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

"சார்" என்றாள் விசில், மிகத் தணிவாக. "உங்களுக்குப் பேசணும்போல இருக்குன்னு எனக்குத் தெரியுது. ஆனா ஏழு வார்த்தைக்குள்ள பேசணும்."

இயக்குநர் வாயைத் திறந்தபடி இருந்தார். சீரமைப்பு அலுவலர் மேசைக்கு அடியில் விரல்விட்டு எதையோ எண்ணிப் பார்த்தார். விசிலின் இரண்டு வாக்கியங்களும் விதிக்குள் அடங்கியிருந்தன.

"அடுத்து... குரல் சரிபார்ப்பு" என்றார் இயக்குநர், தொண்டையைச் செருமிக்கொண்டு. ஐந்து சொல்கூட இல்லை.

விசில் மைக்கில் தன் பெயரைச் சொன்னாள். திரை பச்சையானது: 'பெற்றோர். அடையாளம் உறுதி.'

மெக்கானிக் தன் பெயரைச் சொன்னார். திரை மறுபடி பச்சை: 'குழந்தை. அடையாளம் உறுதி.'

மெக்கானிக் திரையையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தார். சான்றிதழும் போயிற்று, இரண்டாம் பெஞ்சும் போயிற்று. இனி மறைத்து ஆவதென்ன?

"சார், தப்பு எங்க மேலதான்" என்று எழுந்து நின்றார். "பொண்ணு கத்தவே இல்லை. கத்தினது எல்லாம் நான்தான். அவதான் என்னைச் சமாதானப்படுத்தினா. செயலி மேல குத்தமில்லை, நாங்கதான் ஏமாத்திட்டோம்."

"ஏமாத்தினீங்களா?" இயக்குநர் முகம் சட்டென்று தெளிந்தது. "எங்க ஏமாத்தினீங்க? நீங்க கத்தினீங்க, உங்களைக் குழந்தைன்னு சொல்லுது. அவ சமாதானப்படுத்தினா, அவளைப் பெற்றோர்னு சொல்லுது. அதுல என்ன பிழை?"

"ஆனா சார்," என்று தயங்கினார் அலுவலர், "இவருக்கு வயசு நாப்பத்தொண்ணு. பிழைன்னு பதிஞ்சு அனுப்பினா..."

"சாந்தத்துல பிழை கிடையாது அம்மா. அப்படி ஒண்ணு வரும்னு நினைக்கற மாதிரி நாம அதைச் செய்யவே இல்லை. எழுபதாயிரம் பேரைக் கணிச்ச செயலி. இன்னிக்கு இவர் விஷயத்துல தப்புன்னு ஒத்துக்கிட்டா, நாளைக்கு மீதி எல்லாரும் வாசல்ல வந்து நிப்பாங்க. சான்றிதழ் அடிங்க."

"வயசுக் கட்டத்துல ரெண்டு எண் விழ மாட்டேங்குது சார்."

"ஒண்ணு விழுதா?"

"விழுது."

"நாலுன்னு போடுங்க."

அச்சு இயந்திரம் கர்ரென்று ஓடியது. சான்றிதழில், நான்கு வயதுள்ள லிஃப்ட் மெக்கானிக் அறுபத்து நான்கு சதவீதம் சீரடைந்துவிட்டதாகவும், அவரை அன்போடும் உறுதியோடும் வழிநடத்திய பெற்றோரை வாரியம் பாராட்டுவதாகவும் இருந்தது. பெற்றோர் கையொப்பமிட வேண்டிய இடத்தில் விசில் தன் பெயரைப் பெரிய பெரிய எழுத்தில், கோட்டுக்கு வெளியே போகாமல் எழுதினாள்.

"என்னை என்னன்னு போட்டிருக்காங்க?" என்று எட்டிப் பார்த்தாள் அம்மா. அவளை எங்கேயும் போடவில்லை. சத்தம் பதிவாகாதவர்கள் குடும்பத்தில் சேர்த்தி இல்லையாம்.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் மெக்கானிக் சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் படித்தார். பள்ளி கேட்டது விசிலுக்குச் சான்றிதழ். கையில் இருந்தது அவருக்குக் கிடைத்த சான்றிதழ். மறுநாள் காலை, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு தலைமையாசிரியை அறைக்குள் நுழைந்தபோது அவருடைய கால் கொஞ்சம் பின்வாங்கியது. விசில்தான் இழுத்துக்கொண்டு போனாள்.

தலைமையாசிரியை சான்றிதழை ஒருமுறை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு இன்னொரு முறை படித்தார். பிறகு அலமாரியிலிருந்து விதிப்புத்தகத்தை எடுத்து நிதானமாகப் புரட்டினார். முப்பது வருடமாக உத்தரவுகளோடு குடித்தனம் நடத்துகிறவர்.

"அடங்காத குழந்தையைத் தனிப் பிரிவுக்கு அனுப்பணும்னு இருக்கு" என்றார் மெதுவாக. "ஆனா வாரியமே முத்திரை குத்தி இவளைப் பெற்றோர்னு சொல்லியிருக்கு. பெற்றோரைத் தனிப் பிரிவுக்கு அனுப்ப எனக்கு அதிகாரம் இல்லை. பெற்றோர் வகுப்புல உக்காந்து கவனிக்கலாம்னு பதினாலாம் பக்கத்துல ஒரு விதி இருக்கு. எத்தனை நாளைக்குன்னு போடலை." புத்தகத்தை மூடினார். "போம்மா. மணி அடிச்சாச்சு."

விசில் வாசலைத் தாண்டி ஓடியே போய்விட்டாள். தாழ்வாரத்தின் கோடியிலிருந்து "பல்லீ!" என்று ஒரு குரல் கேட்டது. தொண்ணூற்று நான்குக்குக் குறையாது. தலைமையாசிரியைக்கு அது காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

மெக்கானிக் கும்பிட்டுவிட்டுக் கிளம்பப் போனார்.

"நில்லுங்க. ஒரு சின்ன விஷயம். சான்றிதழ் வாங்கின குழந்தையோட பெற்றோரை மாசம் ஒரு தடவை கூப்பிட்டு விசாரிக்கணும்னு வாரியத்தோட சுற்றறிக்கை இருக்கு. ஒரு வருஷத்துக்கு. நீங்களும் கூட வந்துடுங்க."

அப்படித்தான் அடுத்த மாதத்தின் முதல் திங்கட்கிழமை, மெக்கானிக் கிரீஸ் படிந்த வேலைச் சட்டையோடு அறை வாசலில் குட்டி பெஞ்சு ஒன்றில் முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்திருந்தார். கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே பெரிய நாற்காலியில் விசில். கால் தரைக்கு எட்டாமல் ஆடிக்கொண்டிருந்தது. எதிரில் தலைமையாசிரியை, வாரியத்தின் படிவத்தோடு.

"குழந்தை இப்ப எப்படி இருக்கு?"

"பரவால்ல மிஸ். கத்தறது நின்னுடுச்சு. போன வாரம் மேற்பார்வையாளர் பெல்ட் குடுத்துட்டாராம். அதனால சிரிச்சுட்டே வந்துது."

"சாப்பாடு, தூக்கம்?"

"எல்லாம் நல்லா. ஆனா..." விசில் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "போனைக் கையில எடுத்தா கீழ வைக்க மாட்டேங்குது மிஸ். நான் பக்கத்துல வந்து நின்னாகூடத் தெரியறதில்லை."

வெளியே பெஞ்சில் இருந்தவர் கையிலிருந்த போனைச் சத்தமில்லாமல் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"அதுக்கும் வாரியத்துல ஒரு செயலி வந்திருக்கு" என்று தலைமையாசிரியை படிவத்தைப் புரட்டினார். "இதுல ஒரு டிக் போட்டா போதும். ஆறு வாரம். பதிஞ்சுடட்டுமா?"

விசில் யோசித்துப் பார்த்தாள். நாற்காலியிலிருந்து சறுக்கிக் குதித்து இறங்கி, சுருங்கிய பாவாடையை இழுத்துச் சரிசெய்துகொண்டாள்.

"வேணாம் மிஸ். நானே பேசிக்கறேன்."

தலைமையாசிரியை பேனாவை மூடி வைத்துவிட்டு, அடுத்த பெற்றோரைக் கூப்பிட்டார்.